இருட்டும் நமக்குச் சொத்துதான்!

(மூன்றாமாண்டு, பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு)



போன செமஸ்டரில் நம் மைதானத்துக்கு உயரக் கம்பத்து விளக்கு வேண்டும் என்று ஒரு மனு வகுப்பு வகுப்பாகச் சுற்றி வந்தது ஞாபகம் இருக்கும். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது அந்த மனுவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. "ஒரு வரிக்கு எதுக்குப்பா இத்தனை பக்கம்?" என்று மலர்க் குழு அண்ணன் கேட்டார். காரைக்குப் போய் வந்த கதையைச் சொல்லாமல் அந்த வரி யாருக்கும் புரியாது அண்ணா என்றேன். சிரித்துக்கொண்டே இடம் கொடுத்துவிட்டார். அவருக்கு நன்றி.

காரை என்பது பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். விருத்தாசலத்தில் பஸ் ஏறி, திட்டக்குடி வழியாகப் பெரம்பலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். வயலும் முள்காடுமாக வந்துகொண்டிருக்கும் நிலம் அங்கே திடீரென்று கிழிந்து கிடக்கும். சிவப்பும் பழுப்பும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள். மேட்டுக்கு மேடு நடுவில் மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளங்கள். சில பள்ளத்தில் இறங்கி நின்றால் மேலே இருப்பவன் கண்ணுக்கு நாம் தெரிய மாட்டோம். சினிமாப் பாட்டுக்கு வெளிநாட்டுப் பாலைவனத்தைத் தேடிப் போகிறார்களே, இது பக்கத்திலேயே கிடக்கிறது!

ஆனால் இது பாலைவனம் கிடையாது. மழை பெய்யும் ஊர்தான். நம் பழைய இலக்கணத்திலும் பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை என்று பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சொல்லிக் கொடுத்தார். காரையில் திரித்தது வெயில் மட்டுமில்லை, மண்ணின் குணமும்தான். சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னால் அது கடலின் அடி. அந்தக் கடலில் படிந்த களிமண்தான் இன்று மேடாக நிற்கிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வேர் பிடிப்பதற்குள் மேல்தோல் கரைந்து ஓடிவிடும். நாம் லேபில் செங்கல் அளவுக்கு ஒரு துண்டு செய்து, காய வைத்து, எத்தனை சதவீதம் சுருங்கியது என்று கணக்குப் போடுகிறோமே, அதே கணக்கை அங்கே வெயிலும் மழையும் ஒரு ஊர் அளவுக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன. பீங்கான் படிக்கிற நாம் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று எங்கெங்கோ போகிறோம். இதை ஒருதரம் பார்க்க வேண்டாமா?

மண்ணில் தோட்டா மாதிரி கூர்மையாகக் கல் கிடக்கும். அது தோட்டா இல்லை, பெலம்னைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்த பகுதி. கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுவது ஜிப்சம். எங்களோடு வந்த ஒருத்தன் சட்டைப்பை நிறைய பொறுக்கிவிட்டான். திருப்பிக் கொட்டச் சொன்னோம். முறைத்தான், பிறகு கொட்டினான். வருகிறவன் எல்லாம் ஒரு பை அள்ளினால் கொஞ்ச நாளில் அங்கே என்ன மிஞ்சும்?

நாங்கள் நாலு பேர் போனது மாசியில், சிவராத்திரி கழிந்த சனிக்கிழமை. சிவராத்திரி எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வரும், அதனால் நிலாத் தொந்தரவு இல்லை. ஊர் டீக்கடையில் விவரம் சொன்னோம். "வானத்தைப் படம் புடிக்கவா வந்தீங்க? உங்க ஊர்ல வானம் இல்லையா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அப்போது எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தால் அவர் கேட்டது சரியான கேள்வி.

எங்கள் ஊர் நல்லூர். மணிமுத்தாற்று மணலில் படுத்தால் வானம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கிழக்கே நெய்வேலித் திசையில் அடிவானம் எந்நேரமும் விடியப்போகிற மாதிரி வெளுத்திருக்கும். ஊருக்குள் தெருவிளக்கு எல்லாம் வெள்ளை எல்இடி ஆகிவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பார்த்த கார்த்திகைக் கூட்டம் இப்போது அதே வாசலில் மங்கலாக ஒரு பூச்சு மாதிரிதான் தெரிகிறது. கண்ணுக்குக் கோளாறோ என்று நினைத்தேன். ஆற்றுக்கு நடந்து போய்ப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

படம் எடுத்த விதத்தைச் சொல்கிறேன், பெரிய கேமரா வேண்டும் என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்காக. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன். அதில் 'ப்ரோ' என்று ஒரு பகுதி உண்டு. ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 20 விநாடி, ஃபோகஸ் கடைசி எல்லையில், ஐந்து விநாடி டைமர். அவ்வளவுதான். இருபது விநாடிக்கு மேல் ஏன் போகக்கூடாது என்றால், பூமி சுற்றுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. 20 விநாடிக்குள்ளேயே நட்சத்திரம் நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். லென்ஸின் மில்லிமீட்டரால் 500-ஐ வகுத்தால் எத்தனை விநாடி வரை தாங்கும் என்று தோராயமாகக் கிடைக்கும். போன் லென்ஸ் 25 மில்லிமீட்டருக்குச் சமம், ஆகவே 20. ஒரே படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதே இடத்தை 16 தரம் எடுத்து, கம்ப்யூட்டரில் நட்சத்திரத்தோடு நட்சத்திரத்தைப் பொருத்தி அடுக்கினால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். வர்க்கமூலக் கணக்கு. அதற்கு இலவச மென்பொருள் கிடைக்கிறது.

ட்ரைபாட்? ஒரு உருண்டை களிமண்! போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிசைந்த களிமண்ணில் பதித்து, எந்தச் சாய்வில் வேண்டுமோ அந்தச் சாய்வில் நிறுத்தலாம். காற்றுக்கு ஆடாது. இதற்காக இருநூறு முந்நூறு செலவு பண்ணுகிறவர்கள் வேறு டிபார்ட்மெண்ட்டாக இருக்க வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு ஓரியன் உச்சியில் நின்றது. அதில் சிவந்து தெரிவதுதான் நம் திருவாதிரை. விடியற்காலை நாலு மணிக்குத் தென்கிழக்கில் பால்வீதியின் நடுப்பகுதி, பக்கத்தில் கேட்டை. முதல் படம் திரையில் வந்தபோது யாரும் பேசவில்லை. கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்த ஒரு பட்டை படத்தில் பிசிறு பிசிறாக, நடுவில் கருப்புக் கிளைகளோடு நின்றது. அந்தக் கருப்பு, நட்சத்திரங்களுக்கு முன்னால் நிற்கும் தூசி. கீழே காரை மேடு. பால்வீதி நடுவிலிருந்து வரும் ஒளி புறப்பட்டு சுமார் 26,000 ஆண்டு ஆகிறது. கீழே இருக்கும் மண்ணுக்குப் பத்துக் கோடி. படத்தில் வானம்தான் சின்னப் பிள்ளை, மண்தான் தாத்தா. இதை அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டது நான்தான் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் படத்தின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கறை. ஒரு பக்கம் அரியலூர்த் திசை, இன்னொரு பக்கம் டால்மியாபுரத் திசை. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வெளிச்சம் வானத்தில் மோதித் திரும்பி எங்கள் படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. காரையிலேயே இப்படி என்றால்?

இந்த இடத்தில் ஒரு சின்னக் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் காரை என்று பேர் போட்ட ஒரு படம் பார்த்தேன். பால்வீதியின் நடுப்பகுதி உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. ஆயிரக்கணக்கில் லைக். நம் அட்சரேகை 11 டிகிரி வடக்கு. அந்தப் பகுதி வான நடுக்கோட்டுக்கு 29 டிகிரி தெற்கே. 90-லிருந்து இரண்டையும் கழித்தால் 50. தமிழ்நாட்டின் இந்தப் பகுதியில் அது 50 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது! எங்கோ எடுத்த வானத்தை இங்கே ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டட்டும், ஒட்டினேன் என்று கீழே எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். உண்மையான காரை வானத்தில் மஞ்சள் கறை இருக்கிறது. ஒட்டிய படத்தில் இல்லை. அதைப் பார்ப்பவன், அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவான்.

வீட்டுக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சூளையில் தீப்போடுகிற வேலை. அம்மா கூலி வேலைக்குப் போகிறார். நான் என்ன படிக்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு எப்போதும் திக்கும். படத்தைக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மார்க் உண்டா?" என்றார். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். திருவாதிரையைக் காட்டி, இது சிவப்பு, அதனால் சூடு குறைந்த நட்சத்திரம், 3,500 கெல்வின்தான், வெள்ளையாக இருப்பதெல்லாம் இன்னும் சூடு என்று சொன்னேன்.

"நம்ம சூளை எத்தனை?"

"1,250 டிகிரி. கெல்வின்ல சொன்னா 1,520 வரும்."

"அப்ப நம்ம சூளைய விட அது ரெண்டு மடங்கு சூடு. நம்ம சூளை ஓட்டையில பாத்தா மஞ்சளா, கண்ணு கூசுற மாதிரி வெளுப்பா தெரியுது. அது எப்படிடா சிவப்பா தெரியும்? மாத்திச் சொல்றியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடமாகச் சூளையைப் படிக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடமாக அந்த ஓட்டையில் கண்ணை வைத்தவருக்குத் தோன்றியது. கோன் சாய்வதற்கு முன்பே நிறத்தை வைத்து "இன்னும் அரை மணி" என்று சொல்கிறவர் அவர்.

அடுத்த வாரம் கேமராவின் நிற அளவை 5,500-ல், அதாவது பகல் வெளிச்சக் கணக்கில் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டையும் எடுத்தேன். சூளை ஓட்டை அடர்ந்த ஆரஞ்சாக விழுந்தது. திருவாதிரை வெளிறிய ஆரஞ்சு. அப்பாவின் கணக்கு சரி, என் கணக்கும் சரி. ஏமாந்தது கண். சூளைக்கு முன்னால் நிற்கும்போது சூளை வெளிச்சம் ஒன்றுதான் கண்ணுக்கு உலகம், அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. வானத்தில் திருவாதிரையைச் சுற்றி நிற்பவை எல்லாம் 10,000 கெல்வினைத் தாண்டிய நீல வெள்ளை நட்சத்திரங்கள். அவற்றோடு ஒப்பிட்டால் அது சிவப்பு. பழைய குண்டு பல்பின் இழைகூட 2,700 கெல்வின்தான். நாம் மஞ்சள் பல்பு என்று சொன்னதைவிடத் திருவாதிரை சூடு! அப்பா இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சரி, அப்ப சரி" என்றார். அவரிடம் நான் வாங்கியதிலேயே பெரிய மார்க் அதுதான்.

இனி விளக்கு விஷயம். காரையிலிருந்து வந்த சூட்டில், எங்கள் தெருவிளக்கை எல்லாம் அணைத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நான் இந்தத் தெருவுல இருட்டுல பாம்பை மிதிச்சவடா. அன்னிக்கு அது திரும்பிக் கடிச்சிருந்தா உனக்குப் படிப்பும் இல்ல, போட்டோவும் இல்ல. பேச வந்துட்டான்." நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குத் தெரியாத கதை.

இரண்டு நாள் கழித்து, தெருவிளக்கில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை என்பதால், எங்கள் வீட்டு வாசல் பல்புக்கு ஒரு தகரத் தொப்பி செய்தேன். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, உள்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்து, பல்பு பக்கவாட்டில் தெரியாதபடி மாட்டினேன். மேலே வேப்ப மரத்துக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் போய்க்கொண்டிருந்த வெளிச்சம் எல்லாம் தரைக்கு இறங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி முறத்தோடு வாசலில் உட்கார்ந்தவர், "இப்பத்தான்டா கல்லு நல்லாத் தெரியுது" என்றார். கட்டிலில் படுத்து மேலே பார்த்தேன். தெருவிளக்கு அப்படியேதான் எரிகிறது, ஆகவே கார்த்திகைக் கூட்டம் முழுசாகத் திரும்பவில்லை. கொஞ்சம் திரும்பியது.

இதை ஒரு ஊரே சேர்ந்து செய்த இடம் நம் நாட்டில் இருக்கிறது. லடாக்கில் ஹான்லே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் குளிர்ப் பாலைவனம். அங்கே இரண்டு மீட்டர் விட்டமுள்ள சந்திரா தொலைநோக்கி இருக்கிறது, பெங்களூர் அருகே ஹோஸ்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சாட்டிலைட் வழியாக அதை இயக்குகிறார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பகுதியை இருண்ட வான் காப்பகமாக அறிவித்தார்கள். அங்குள்ள வீடுகளில் விளக்குக்கு மூடி போட்டார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். வருகிற வண்டிகள் ஹெட்லைட்டைத் தாழ்த்த வேண்டும். ஊர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி எடுத்து, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டுகிறார்கள், வீட்டில் தங்கவைக்கிறார்கள். அங்கே பொறியாளராக இருக்கும் தோர்ஜே அங்சுக் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கலாம். 2024 மே மாதம் சூரியப் புயல் வந்தபோது ஹான்லே வானத்தில் தெரிந்த சிவப்பு ஒளியை அவர் படம் எடுத்தார். நட்சத்திரத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, பூமி சுழல்வது தெரிகிற மாதிரி அவர் எடுத்த படமும் உண்டு. அங்கே இருட்டு சோறு போடுகிறது. அம்மா கேட்ட மார்க் கேள்விக்கு இதைத்தான் சொன்னேன், "அவ்வளவு தூரம் நீ போவ வேணாம்" என்று வேறு பக்கம் பேச்சு போய்விட்டது.

லடாக் வேண்டாம், நம் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1986-ல் திறந்த வைணு பாப்பு தொலைநோக்கி, 2.34 மீட்டர். அதன் கண்ணாடி எதனால் ஆனது தெரியுமா? ஜெரோடூர். கண்ணாடியும் பீங்கானும் கலந்த இனம், கிளாஸ்-செராமிக். சூடு ஏறினாலும் இறங்கினாலும் கிட்டத்தட்ட விரியவே விரியாது. ஹவாய்த் தீவில் கெக் தொலைநோக்கிக்கு 36 துண்டுகளைச் சேர்த்துப் பத்து மீட்டர் கண்ணாடி செய்தார்களே, அதுவும் இதே பொருள்தான். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற டிபார்ட்மெண்ட் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் நம்மைக் கிண்டல் செய்யும்போது இதை எடுத்து விடுங்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, "லேப் முடிஞ்சு இருட்டுனப்புறம் பஸ் ஸ்டாப்புக்கு நடக்குறது நாங்க. விளக்கக் குறைக்கணும்னு எழுதுனா நானே எதிர்த்து எழுதுவேன்." இரண்டாவது, "நீங்க நாலு பேரும் ராத்திரி காரைக்குப் போயிட்டீங்க. எங்க வீட்ல என்னை விடுவாங்களா?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. பெண்கள் விடுதியில் இருக்கும் எத்தனையோ பேருக்குக் காரையும் ஹான்லேயும் படத்தில்தான். அவர்கள் பார்க்கக்கூடிய வானம் நம் மைதானத்துக்கு மேலே இருப்பதுதான். அதையும் மூடிவிட்டால் அவர்களுக்கு வேறு வானம் இல்லை.

ஆகவே மனுவில் சேர்க்கச் சொல்லும் வரி இது: மைதான விளக்குகள் தரையை மட்டும் பார்க்கும்படி மூடியோடு இருக்க வேண்டும், வெள்ளைக்குப் பதில் மஞ்சள் நிற எல்இடி வேண்டும், விளையாட்டு முடிந்து இரவு பத்து மணிக்கு அணைக்க வேண்டும், கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், விடுதிப் பாதையிலும், மூடி போட்ட விளக்கு விடிய விடிய எரிய வேண்டும். மஞ்சள் ஏன் என்றால், வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம், நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். மூடியை ஒர்க்‌ஷாப்பில் நாமே அடிக்கலாம், ஷீட் மெட்டல் பிராக்டிகலுக்கு வேறு என்ன செய்யப் போகிறோம்? புது மனு சங்க அறையில் இருக்கிறது. இந்த முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

வருகிற மாசியில் மறுபடியும் காரைக்குப் போகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார், அந்த ஒரு ராத்திரிக்குச் சூளையில் ஆள் மாற்றிக் கேட்டிருக்கிறார். அவருக்குக் கேட்டையும் திருவாதிரையும் ஒரே சூடுதானா என்று பார்க்க வேண்டுமாம். திருவாதிரை சாயங்காலம், கேட்டை விடியற்காலை, அதனால் ராத்திரி முழுக்க விழிக்கணும்பா என்றேன். "நான் என்னிக்கு ராத்திரி தூங்குனேன்?" என்றார். வருகிறவர்கள் ஆளுக்கொரு போர்வையும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். களிமண் நான் கொண்டு வருகிறேன்.